விடுமுறை நாட்கள் பற்றிய விளக்கம்

கட்டுக்கலை, கண்டி.
மே 13, செவ்வாய்க்கிழமை (வெசாக் மறுநாள்)

அன்புள்ள மகன் தர்சனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் சஞ்சீவனியும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் எண்ணம்.

சனிக்கிழமையிலிருந்து நான்கு தடவை அழைத்துப் பார்த்தேன், நீ கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சஞ்சீவனி எடுத்து, "அவர் பிஸி மாமா, அப்புறம் எடுப்பார்" என்றாள். வேலை அதிகம் போலும். எனக்கும் தொலைபேசியில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லி வைக்கும் பழக்கம் இருக்கிறது. ஆகவே கடிதம். மாநகர சபை வரிப் பகுதியில் முப்பத்தொரு வருடம் குறிப்பெழுதிய கை என்பதால் இலக்கமிட்டே எழுதுகிறேன். அவசரமென்றால் 2ஐயும் 4ஐயும் மட்டும் வாசித்தால் போதும்.

1. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்தது.
2. உன் அட்டை வேலை செய்யாமல் போனதற்குக் காரணம்.
3. கம்பளையில் நான் செய்த செலவு.
4. அடுத்த மாதத்துக்கு என் யோசனை.
5. அம்மா.

1.

அம்மாவின் வலது கண் போய்விட்டது உனக்குத் தெரியும். இடது கண்ணுக்கு மாதம் ஓர் ஊசி. கொழும்பிலிருந்து வரும் கண் வைத்தியர் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் கண்டிக்கு வருவார். பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். கண்ணுக்குள் இரத்தக் கசிவு இருக்கிறது, ஊசிக்கு ஊசி ஆறு வாரத்துக்கு மேல் போனால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்று ஏப்ரலில் அவர் சொல்லியிருந்தார்.

இம்மாதம் 10ஆம் திகதி. பத்து மணிக்கே போய்விட்டோம். தாதி அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தாள். நான் ஊசிக்கான அறுபத்தெட்டாயிரத்தைக் கட்டக் கருமபீடத்துக்குப் போனேன். காசாளர் பிள்ளை நீ தந்த கடன் அட்டையைப் போட்டுப் பார்த்து, "ஐயா, கார்ட் எடுக்குதில்லையே" என்றாள். இரகசிய இலக்கத்தை நான்தான் மாற்றி அழுத்தியிருப்பேன் என்று நினைத்து, லேஞ்சியால் அட்டையைத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் போட்டுப் பார்க்கச் சொன்னபோது பின்னால் நின்ற ஒருவர், "பெரியவரே, பேரப்புள்ள விளையாடுற கார்ட்ட மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

கையில் இருந்ததும் இயந்திரத்தில் எடுத்ததும் சேர்த்து இருபத்தோராயிரம். வெசாக்குக்காக ஓய்வூதியம் முன்கூட்டியே வந்திருந்தது. நான் வெள்ளிக்கிழமையே வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அது என் அவசரம். கீழ்க்கடை ரிஸ்மி பத்தாயிரம் தந்தார். இதற்குள் அம்மா என்னிடம் கேட்காமலே கம்பளைக்கு அகீலாவுடன் பேசிவிட்டாள். உன் தங்கை தான் வேலை செய்யும் துணிக்கடையில் முற்பணம் வாங்கி, காதில் கிடந்ததையும் அடகு வைத்து, முப்பத்தெட்டாயிரத்தோடு பஸ் ஏறினாள். கூட்டிப் பார்த்தால் போதுமான தொகை. ஆனால் வெசாக் பண்டிகைச் சனம். பேராதனையில் பஸ் நகரவே இல்லை. அவள் படியேறி ஓடி வந்தபோது மணி இரண்டு இருபது. வைத்தியரின் வாகனம் இரண்டு ஐந்துக்குப் போய்விட்டது. அன்றே வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார், இனி ஜூன் 14ஆம் திகதிதான் என்றாள் தாதி.

சொட்டு மருந்தால் விரிந்த கண்ணுக்கு வெயில் ஆகாது. அம்மாவின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்தோம்.

2.

முச்சக்கர வண்டியில் அம்மா முகத்தை மூடியபடியே, "அவன் கார்ட்ட நிறுத்திட்டான்" என்றாள். "அப்பிடிச் சொல்லாதீங்கம்மா, அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டாரு" என்றாள் அகீலா. நான் அம்மாவைக் கடிந்துகொண்டேன். நாற்பத்தாறு வருடத்தில் அவளிடம் நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்தேன். சனி, ஞாயிறு, வெசாக் இரண்டு நாள் என்று வங்கி நான்கு நாள் மூடியிருந்ததால் யாரிடமும் கேட்க வழியில்லை. நானே கணக்குப் பார்த்தேன்.

நீ மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கிருந்து இங்குள்ள உன் கணக்குக்குப் பணம் அனுப்புவாய். இம்முறை முதல் திங்கள் மே 5. அன்று இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. ஆகவே பணம் 6ஆம் திகதிதான் கிளம்பியிருக்கும். மூன்று வேலை நாள் என்றால் 9, வெள்ளிக்கிழமை. அட்டைக்குரிய தொகை உன் கணக்கிலிருந்து தானாகக் கழியும் நாளும் அதே 9. பணம் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் வந்து சேர்ந்திருந்தால் அது அடுத்த வேலை நாளின் வரவாகவே எழுதப்படும். அடுத்த வேலை நாள் 14. எனவே 9ஆம் திகதி கழிக்கப் போனபோது கணக்கில் பணம் இருந்திருக்காது. ஏப்ரல் செலவு தொண்ணூற்று மூவாயிரம் கழியாமல் நின்றால், ஒரு லட்சம் எல்லையுள்ள அட்டையில் அறுபத்தெட்டாயிரத்துக்கு இடம் ஏது? அட்டை மறுத்தது நியாயமே. இதில் உன் பிழை எதுவுமில்லை. இரண்டு நாட்டு விடுமுறைகள் அடுத்தடுத்து விழுந்ததுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது முதலில் கேலி செய்தாள். "லீவு மேல பழிய போடுங்க. அது வந்து இல்லன்னு சொல்லவா போவுது?" என்றாள். நான் விடவில்லை. அவள் விரலைப் பிடித்துக் கலண்டரில் ஒவ்வொரு திகதியாக வைத்து எண்ண வைத்தேன். 14இல் விரல் வந்து நின்றதும், "அப்ப அனுப்பித்தான் இருக்கான். காசு எங்கயோ வழியில நிக்குது" என்றாள். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். என் கணக்கு ஒன்றை உன் அம்மா இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை.

3.

இதை மறைத்தால் 2இல் சொன்னதையும் நீ நம்பமாட்டாய். மே 5ஆம் திகதி கம்பளையில் ஒரு சப்பாத்துக் கடையில் உன் அட்டையில் 4,250 ரூபாய் செலவழித்தேன். அகீலாவின் மகளுக்குப் பாடசாலை வெள்ளைச் சப்பாத்து. பழைய சப்பாத்தின் முன்பக்கத்தை வெட்டி, விரல் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போகிறாள். வகுப்பில் அவளை வாத்து என்று கூப்பிடுகிறார்களாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அட்டை அம்மாவின் மருந்துக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் மட்டும் என்பது உன் நிபந்தனை. ஒரே மண்டபத்தில் நீ சஞ்சீவனியையும் அகீலா சஞ்சீவனியின் தம்பி யுகேஷையும் கட்டியதால், அவள் யுகேஷை விட்டு வந்தது உன் வீட்டுக்குள்ளும் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். "அவ இருக்கிற பக்கம் என் காசு ஒரு சதம் போகக்கூடாது" என்று நீ சொன்னபோது தலையாட்டியவன் நான். முன்பல் உடைந்து வாசலில் வந்து நின்றவளை நானும் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. நீ சொன்னபடியே கம்பளையில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தேன். அன்று தலையாட்டியது பிழையா, இப்போது சப்பாத்து வாங்கியது பிழையா என்று எனக்கு முடிவுசெய்யத் தெரியவில்லை. இரண்டுமே பிழையாகவும் இருக்கலாம். வங்கி திறந்ததும் 4,250ஐ உன் கணக்கில் கட்டிவிடுகிறேன்.

4.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா. ஆகவே தொகை கழிய வேண்டிய 9ஆம் திகதிக்கு மறுநாள் இங்கு விடுமுறை. அங்கே மே 26 திங்கள் விடுமுறை. இடையில் மாட்டிக்கொள்ளாமல் ஜூன் 2ஆம் திகதி காலையிலேயே அனுப்பினால் 5ஆம் திகதிக்குள் வந்துவிடும். ஜூன் மாத விடுமுறைகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இது உனக்குச் சொல்லிக் கொடுப்பதாக நினைக்காதே. நீ படித்தவன், இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் எழுதி வைத்தால் நிம்மதி.

5.

நேற்று மாலை ஏழு மணியளவில் எதிர்வீட்டில் வெசாக் கூடு ஏற்றினார்கள். எங்கள் யன்னலுக்கு நேரே, பெரிய எட்டுப்பட்டைக் கூடு, உள்ளே விளக்கு. அம்மா யன்னலருகில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "இன்னும் ஏத்தலயா? போன வருசம் இந்நேரம் ஏத்திட்டாங்களே" என்று கேட்டாள். நான் கூட்டைப் பார்த்தேன். அதன் சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை போல என்றேன். "அப்ப நம்ம ஃபேன் எப்பிடிச் சுத்துது?" என்று கேட்டாள்.

இதை உன் மனத்தை வருத்துவதற்காக எழுதவில்லை. ஐந்து என்று மேலே போட்டுவிட்டதால் ஏதாவது எழுதவேண்டி இருந்தது.

வழக்கம்போல அம்மா கீழே கையெழுத்து வைக்கிறாள். இடத்தை நான் விரலால் காட்டினேன். ஆனாலும் வரி இறங்கிவிட்டது. கடைசி எழுத்து தாளைத் தாண்டி மேசையில் இருக்கிறது.

உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அன்புள்ள அப்பா,
வீரசிங்கம்

கமலம்

மே 14, புதன்கிழமை, பகல்.

தபாலில் போடுமுன் வங்கிக்குப் போய் வந்தேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கலண்டரைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அட்டைப் பிரிவில் பிரியாந்தினி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தாள். நான் திகதி திகதியாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கணினியைப் பார்த்து, "ஐயா, நீங்கள் சொல்ற கணக்கு அவ்வளவும் சரி. ஆனா அப்பிடி நடக்கேல்லை" என்றாள். உன் பணம் ஏப்ரல் கடைசியிலேயே வந்திருக்கிறது. 9ஆம் திகதி முழுத் தொகையும் ஒழுங்காகக் கழிந்திருக்கிறது. உன் அட்டையில் குறை எதுவுமில்லை. என்னிடம் இருந்த துணை அட்டை மட்டும் 6ஆம் திகதி காலை, பிரதான அட்டைதாரர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதன்பேரில் நிறுத்தப்பட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் இருந்ததையும் அவள் வாசிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "துணை அட்டைதாரரின் தவறான பாவனை." அதை நான் திரையில் வாசித்துக்கொண்டேன்.

5ஆம் திகதி அங்கே வங்கிதான் மூடியிருந்தது. சப்பாத்துக் கடையின் பெயரோடு குறுஞ்செய்தி அன்றே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நிறுத்திய அட்டையைத் திருப்பி எடுப்பது விதியாம். அந்தப் பிள்ளை, "குறை நினைக்காதேங்கோ ஐயா" என்று சொல்லி, கத்தரிக்கோலால் அதை என் முன்னாலேயே வெட்டினாள். ஒப்படைத்ததாக நான் கையொப்பமிட்டேன். 4,250ஐயும் அங்கேயே கட்டினேன், பற்றுச்சீட்டு இத்துடன். அங்கிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் பிரிவில் கிடைத்த முதல் திகதி ஜூலை 3. ஜூன் 14க்கு அகீலாவின் பணமும் மற்றதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஏப்ரல் ஊசியிலிருந்து அது ஒன்பதாவது வாரம். ஆறு வாரம் என்று வைத்தியர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஊசிக்காக இனி உனக்குத் தொந்தரவு தரமாட்டேன். 4இல் எழுதியது தேவையில்லை, விட்டுவிடு.

இந்தப் பகுதி அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது. அவள் இதைக் கேட்கவில்லை. இப்போது எனக்கு எதிரேதான் இருக்கிறாள். வங்கியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். லீவுதான் என்றேன். "நான்தான் புள்ளய தப்பா நெனச்சிட்டேன்" என்று சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். ஆசீர்வாதம் எழுதுகிறேன் என்றேன். நீளமாக எழுதச் சொல்கிறாள்.

மகனே, ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்போதாவது நேரம் கிடைத்து நீ பேசினால், அம்மா அதை உன்னிடம் கேட்பாள். அன்று இங்கே வங்கி விடுமுறை அம்மா, அதனால்தான் என்று ஒரு வார்த்தை சொல். அது பொய்யும் அல்ல. அன்று விடுமுறைதானே. வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் பிள்ளை உன்னை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், தாள் அசிங்கமாகிவிடும் என்பதால். இலக்கம் 2இல் நான் சொன்ன காரணம் பிழை.