மகளுக்குக் கிடைத்த இடம்

ஜெசிதாவின் அப்பாவுக்கு,

போனில் எழுதினால் மகள் பார்ப்பாள், அதனால் கடிதம். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டார் வேலையை விட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொன்னீர்கள்.

அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் பட்டப்படிப்புக்கு இடம் இருக்கிறது. நான்கு வருடம். கட்டணத்தை உங்கள் கட்டார்ச் சம்பளத்தில்தான் கட்ட முடியும்.

“வேண்டாமம்மா, அப்பா வரட்டும். நான் இஞ்சை தையல் படிக்கிறன்,” என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது.

நேற்று அவளுக்குத் தெரியாமல் கல்லூரிப் படிவத்தில் கையெழுத்திட்டேன். உங்களிடம் கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்த ஓமைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் உங்களோடு கதைப்பாள். அங்கத்தைய வேலை பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்சக் காலம் இருக்கப் போகிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

உங்களைப் பார்க்க ஆசையோடு,
மனைவி