பின்கதவு விளக்கு

திண்டுக்கல்,
11.2.2004

மரியசெல்வி அப்பாவுக்கு,

பிரிஸ்கில்லா எழுதுவது. மகளும் பேரனும் சென்னையில் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இருபதாம் தேதிவரை நாக்பூரில் உங்கள் சிநேகிதர் ரொனால்டின் அண்ணன் வீட்டில் இருப்போம் என்று போனில் சொன்னீர்களே, அதனால் அந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நேற்றுப் போனில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள், அதனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வேனின் இரண்டாவது பேட்டரிக்கு இன்னும் ஃபியூஸ் போடவில்லை. அது மதுரையிலிருந்து வரத் தாமதமானதால், சோதித்துப் பார்க்க வயரை நேராக முறுக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை மாட்டுவதாக இருந்தேன். அதற்குள் நீங்கள் வண்டியை எடுத்துவிட்டீர்கள். அந்த வயர் தகரத்தில் உரசினால் வண்டியே பற்றிக்கொள்ளும். பார்சலில் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஒரு எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். மாட்டும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

மேகமூட்டமான நாளில் சோலாரில் பேட்டரி ஏறாது, ஃபேனை நிறுத்திவிடுங்கள். குளிர்பெட்டியை மட்டும் நிறுத்தாதீர்கள், உங்கள் இன்சுலின் அதில்தான் இருக்கிறது.

இனி என் விஷயம். அன்று காலை நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நிலக்கோட்டை வரைக்கும் போயி பெயிண்டர்கிட்ட வண்டியக் காமிச்சிட்டு செத்த நேரத்துல வாரேன்." மதியச் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தேன். சாயங்காலம் ஆனதும், வழியில் வண்டி நின்றுவிட்டதோ, என் வயரிங்தான் தப்போ என்று என்னையே நொந்துகொண்டேன். வெளியூர் போனிலிருந்து நீங்கள் "ரெண்டு நாளாகும்" என்று மட்டும் சொல்லி வைத்தபோதும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஸ்தனிஸ்லாஸ் சார் வீட்டு இஞ்ஞாசியம்மாள் என் கையைப் பிடித்து, "ஒடம்பு தேவலையா பிரிஸ்கில்லா? நீ வரலைன்னதும் எங்க வீட்டுக்காரரும் ரொனால்டும் தொணைக்குப் போறோம்னாக. பத்து நாளைக்கு முன்னாடியே வழிக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தேனே" என்றார்கள். பத்து நாளைக்கு முன்னால்! அன்றைக்கு நான் வண்டிக் கூரைமேல் சோலார் பலகைக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்கு" என்றீர்கள்.

கோவில் வாசலில் நின்று, தேவலை என்று சொன்னேன். உங்களுக்காகப் பொய் சொன்னது அதுதான் கடைசி.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தியவள் நான். உங்கள் அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் கொடைக்கானல்கூடப் போனதில்லை. ரிட்டயர் ஆனதும் இமயமலை அடிவாரம் வரைக்கும் போகலாம், எங்கே நிறுத்தினாலும் அதுதான் நம் வீடு என்றவர் நீங்கள்தான். பூ வியாபாரி ராமர் பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பழைய வண்டிக்குள் ஏழு மாதம் முழங்காலில் நின்று வயர் இழுத்தேன்.

நேற்றைக்குப் போனில், "பொம்பளைக்கு அந்த ரோடெல்லாம் சரிப்படாதுடி, குளிக்கக்கொள்ள எடம் வேணாமா" என்கிறீர்கள். பின்கதவுக்கு மேல் ஒரு விளக்கு, சுற்றிலும் இழுத்துவிடத் திரை. அதெல்லாம் எதற்கு என்று நினைத்தீர்கள்? அந்த விளக்கை எனக்காகத்தான் போட்டேன். வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். அதற்குக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லையே.

சாணார்பட்டிப் பக்கம் மருத்துவ வேன் ஓட்டும் சிஸ்டர் பாத்திமா திங்கட்கிழமை வந்தார்கள். கரண்ட் இல்லாத ஊர்களில் தடுப்பு மருந்து கெட்டுப்போகிறதாம். நம் வண்டியில் செய்த மாதிரியே அதிலும் செய்து தரமுடியுமா என்று கேட்டார்கள். செய்கிறேன், ஆனால் கூடவே நானும் வருவேன் என்றேன். சிரித்துக்கொண்டே டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் காட்டினார்கள். அடுத்த வாரம் புறப்படுகிறோம்.

வீட்டுச் சாவி இஞ்ஞாசியம்மாளிடம் இருக்கும். நீங்கள் திரும்பும்போது நான் எந்த ஊரில் இருப்பேனோ தெரியாது. வருகிற நாளை முன்கூட்டியே எழுதுங்கள். இந்த ஒருமுறையாவது உண்மையான தேதியை எழுதுங்கள்.

மூவரையும் மாதா பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அ. பிரிஸ்கில்லா