பதினொன்றாம் கட்டிலின் நாற்காலி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், சென்ற வாரம் எழுதியிருந்தால் இந்த வாக்கியம் பொய், இப்போது முக்கால்வாசி உண்மை. உன் உடம்பும் மனசும் அங்கே எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் மீதிக் காலும் சரியாகிவிடும். வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யவில்லை என்று உன் அம்மா இருந்தவரை சண்டை போடுவாள், இப்போது வீட்டில் சத்தம் என்று இருப்பது அது ஒன்றுதான் என்பதால் ஆளைக் கூப்பிடாமல் இருக்கிறேன்.

வேலையை விட்டு நர்ஸிங் படிப்பில் சேரட்டுமா, அப்பா சரி என்றால்தான் சேருவேன் என்று நீ எழுதிய கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. ஃபோனில் கேட்டபோதெல்லாம் யோசிக்கிறேன் என்றேன். முப்பத்தோரு வருஷம் மனுக்கள் பிரிவில் உட்கார்ந்து, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று எழுதியவன் நான், கடைசித் தேதி தானாகக் கடந்துபோகும்வரை இதைத் தொடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். உன் கடிதத்தையும் அப்படித்தான் வைத்திருந்தேன். இருபதாம் தேதிக்குள் நீ கல்லூரிக்குப் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும், அடுத்த மாதம் வேலை ஒப்பந்தமும் முடிகிறது, நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். சேர்ந்தால் இன்னும் நான்கு வருஷம் அங்கேதான். நாள் முழுக்க நின்று கால் வீங்கும், கண்டவர்களுக்கும் மலஜலம் எடுக்க வேண்டும் என்று நான் பயமுறுத்தியதெல்லாம் உன் காலை நினைத்து அல்ல.

இப்போது கோபப்படாமல் படி. போன வாரம் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல், கீழ்வீட்டுத் தையற்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார், மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் பதினாறு ரவிக்கை பாக்கி என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். பொது வார்டு, பதினொன்றாம் கட்டில். சேர்த்தவுடன் துணைக்கு யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சுற்றிலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று சொந்தக்காரர்கள் நிற்பதைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. பொண்ணு வெளியே போயிருக்கா, வந்துடுவா என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

அங்கே ஒரு வழக்கம். வேலை மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் கட்டில் கட்டிலாக நின்று ஒப்படைப்பார்கள். சாயங்காலம் என் கட்டிலில் நின்று, "பதினொண்ணு, ஜுரம் நூத்தி ரெண்டு, மருந்து கொடுத்தாச்சு, பொண்ணு வெளியே போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்றாள் ஒருத்தி. மற்றவள் தலையாட்டினாள். மறுநாள் காலை அவள் அதையே அடுத்தவளிடம் சொன்னாள். காய்ச்சல் நூறாயிற்று, தொண்ணூற்றொன்பதாயிற்று, நீ மட்டும் வெளியே போனவள் போனவள்தான். அரசாங்கக் குறிப்பில் ஒரு பொய் இவ்வளவு ஒழுங்காகக் கைமாறி என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

நான்காம் நாள் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவருக்கு ஒரு பட்டாளமே வந்தது. அவர் மச்சான் என் கட்டிலோரம் சும்மா கிடந்த நாற்காலியைத் தூக்கினான். அந்தப் பக்கம் மாத்திரைத் தட்டோடு போன நர்ஸ் நிற்காமலே, "அதை வைங்க சார், அவர் பொண்ணு வந்தா எங்க உட்காருவாங்க" என்றாள். அவன் வைத்துவிட்டான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன், கண்ணில் தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவளிடமே ஒப்புக்கொண்டேன், என் பெண் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள், நான் இங்கே கிடப்பதே அவளுக்குத் தெரியாது என்று. "முதல் நாளே தெரியும்ப்பா. பொண்ணு வரப் போறான்னா ஃபோனுக்கு சார்ஜ் போடச் சொல்லியிருப்பீங்களே. உங்க ஃபோன் சார்ஜே இல்லாம கிடந்துச்சு." பின் ஏன் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். "காய்ச்சலை நாங்க பார்த்துப்போம். இதைச் சொல்லலைன்னா புதுசா வர்றவங்க உங்ககிட்ட மறுபடியும் துணைக்கு யாருன்னு கேட்பாங்களே."

இனி என் பரிசீலனை. நான் முன்பு சொன்னது எதுவும் பொய்யில்லை. அந்தப் பெண் இருபத்தெட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டாள், மத்தியானச் சாப்பாட்டை நின்றபடி நாலு வாயில் முடித்தாள், ஒரு நோயாளியின் மாப்பிள்ளையிடம் காரணமே இல்லாமல் திட்டு வாங்கினாள். டாக்டர் ஒன்றரை நிமிஷம் வந்து போனார், நன்றியெல்லாம் அவருக்கே போயிற்று, என்னுடையதும்தான். சேருவதானால் இதெல்லாம் தெரிந்து சேர். ஆனால் சேர். அறியாத ஒரு கிழவனின் மானத்தைக் கைக்குக் கை மாற்றிக் காப்பாற்றுகிற வேலை வேறு எதிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, என் ஆபீஸில் நிச்சயமாக இல்லை. எனக்காக நீ திரும்பி வர வேண்டாம். வந்தால் சந்தோஷப்படுவேன், அதனால்தான் சொல்கிறேன்.

இருபதாம் தேதிக்குள் இது வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று நாளைக்கு ஃபோனிலும் சரி என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் ஃபோனில் எனக்கு வராது, மீதிக்கு இந்தக் கடிதம். நல்ல செருப்பாக வாங்கிக்கொள், உட்கார்ந்து சாப்பிடு. நல்லா இரு, தொட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் இறங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உன் வார்டில் எவனாவது கிழவன் பெண் வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னால், அந்த நாற்காலியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா