விளக்கு வைக்கும் நேரத்து மிஸ்டு கால்

மே 19, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. கல்வராயன் மலை மேல் பேருக்குக்கூட மேகம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சமையல். பிள்ளைகளுக்கு இல்லை. கோயம்பேட்டிலிருந்து லாரி ஏறி ஊர் திரும்பியவர்களை கொரோனா பயத்தில் வகுப்பறைகளில் அடைத்திருக்கிறார்கள். அதே சத்துணவு அடுப்பு, அதே நான். தக்காளி சோறு, முட்டை. கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும்.

"மாட்டுக்குத் தண்ணி காட்ற மாரி இருக்கு" என்றார் உள்ளே இருந்து ஒருத்தர். மாஸ்க்குக்குள் சிரித்தேன்.

விளக்கு வைத்ததும் போன் அடித்தது. ஒரே ரிங். நின்றுவிட்டது.

"புள்ள நல்லாக்கீறான்" என்று சொல்லிவிட்டு மாமியார் சாப்பிட உட்கார்ந்தார். இது வந்தால்தான் அத்தைக்குச் சோறு இறங்கும். எனக்கும்தான். காட்டிக்கொள்வதில்லை.

மே 20, புதன்

வாங்க: புளி, துணி சோப்பு, அத்தைக்கு சர்க்கரை மாத்திரை. மெடிக்கல் மதியத்தோடு மூடிவிடுகிறான்.

நாள் முழுக்க வீட்டுக்காரர் நினைப்பு. இவருக்கு மலேசியா ஓட்டலில் வேலை. ஊரடங்கு என்று அறையில் முடங்கிக் கிடந்தவர்களைப் போலீஸ் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெர்மிட் முடிந்துவிட்டதாம். புதுப்பித்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்த முதலாளி போனையே எடுப்பதில்லை. நாசமாய்ப் போக. ஊருக்கு அனுப்ப பிளைட் கிடையாது. பிளைட் விடும் வரை கேம்ப். பேர்தான் கேம்ப், பூட்டு ஜெயில் பூட்டு.

ஒரே ஒரு தடவை பேசினார், குசுகுசுவென்று. "ஒளிச்சி வச்சிக்கினு இருக்குற போனு. தெனம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு ரிங்கு உடுறேன். வந்தா நல்லாக்கீறேன்னு வச்சிக்க. எடுத்துராத. பேச்சு சத்தம் கேட்டா புடுங்கிக்குவானுங்க."

கால் நீட்டிப் படுக்க இடம் இல்லையாம். யாராவது இருமினால் அறையே திரும்பிப் பார்க்கிறதாம்.

இன்றும் வந்தது.

மே 22, வெள்ளி

அன்று மாட்டுத் தண்ணி என்று சொன்ன ஆளுக்கு ஊர் திருநாவலூர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். இனி இங்கே தி.கா., திருநாவலூர்க்காரர் என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. அவர் போன் தொட்டித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது.

"எம் பொண்டாட்டிக்குத் தெனம் ஒரு மிஸ்டு காலு குடும்மா. அது போதும்."

முதலில் ஒரு தடவை அவளிடம் பேசி விவரம் சொன்னேன். ரிங் வந்தால் நல்லா இருக்கிறார், எடுக்க வேண்டாம். சின்னப் பெண் போல, குரலைப் பார்த்தால். "சரிக்கா, நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லும்போதே அழுதாள். நானும் அவளும் ஒரே மாதிரி குடும்பம் நடத்துகிறோம், ஒரு ரிங்கில்.

விளக்கு வைத்தேன். எனக்கு வந்தது. அவளுக்கு விட்டேன்.

மே 23, சனி

புழுக்கம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

தி.கா. சோறு எடுக்க வரவில்லை. கடைசி வகுப்பறை ஜன்னலில் முகம் மட்டும். இருமல். "சளிதாம்மா. இத்தப் போயி யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத." சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

ரிங் வந்தது. ரிங் விட்டேன்.

மே 24, ஞாயிறு

மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழை இல்லை, வெறும் காற்று, புழுதி.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து தி.கா.வை ஏற்றிக்கொண்டு போனது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஏறும்போது என்னைப் பார்த்துக் கையைக் காதில் வைத்துக் காட்டினார். மிஸ்டு கால்.

உண்மையைச் சொல்லத்தான் தி.கா. பொண்டாட்டி நம்பரைப் போட்டேன். பஸ் ஓடவில்லை. அவள் எதில் ஏறி வருவாள்? வந்தாலும் யார் உள்ளே விடப்போகிறார்கள்? ஒரு ரிங்கில் கட் பண்ணிவிட்டேன். இன்றைக்கு மட்டும் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. அடித்தது. மலேசியா நம்பர். ஒரு ரிங்.

"புள்ள நல்லாக்கீறான்" என்றார் அத்தை.

இப்போது நான் விட்டதும் இதே ரிங்தானே. இதை அங்கே யார் விடுகிறார்கள்?

மே 25, திங்கள்

சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். உள்ளே அப்படியே சாப்பிட்டுவிட்டார்கள், பாவம்.

தி.கா. பற்றிக் கேட்டேன். "பெரியாஸ்பத்திரில இருப்பாரு" என்கிறார் வாட்ச்மேன். இருப்பாரு.

விளக்கு வைக்கும் நேரம் பார்த்து அத்தையைப் பால் வாங்க அனுப்பினேன். ரிங் வந்தது. எடுத்துவிட்டேன்.

"இன்னாங்க, நான்தான்."

"ஏன் தங்கச்சி எடுத்தீங்க?" வேறு ஆள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

காய்ச்சல் என்று போன வாரமே இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று கேட்டதற்கு அடி. "போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, ரிங்க மட்டும் நிறுத்திடாதே, எங்கம்மா சாப்பிடாதுன்னு."

"அப்படிப் போனவங்க யாராவது திரும்பி வந்தாங்களாண்ணே?"

"நாளைக்கும் விடவா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

வாசலில் அத்தை செருப்புச் சத்தம். "ரிங்கு வந்துச்சா?"

விடுங்க என்று போனில் சொன்னேன். வந்துச்சு என்று அத்தையிடம் சொன்னேன். சோறு போட்டேன். மோர் கேட்டுச் சாப்பிட்டார்.

கொல்லைப்பக்கம் போய் திருநாவலூருக்குப் போட்டேன். ஒரு ரிங். கட் பண்ணவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை, சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றுகிறாள். மறுபடி போட்டேன். கடைசியில் எடுத்தாள்.

"அக்கா, கட்டே ஆவலியே. இன்னாச்சுக்கா?"