கீழ்வயலின் மூன்று செப்புக்காசுகள்

லௌத், லிங்கன்ஷையர்
3 மார்ச் 2011

அன்புத் தங்கை ரோவினாவுக்கு,

இங்கே நலம். ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன, தூக்கம்தான் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் நீ எட்டிப் பார்க்கவில்லை என்று உன் அண்ணி முரியலுக்கு இன்னும் மனத்தாங்கல்.

அப்பா காலத்திலிருந்து நாம் குத்தகைக்கு உழும் கீழ்வயலை, நிலக்காரர் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கிறார். கட்ட அனுமதிப்பதா என்று ஏப்ரலில் கவுன்சில் கூடி முடிவெடுக்கும். அந்த வயல் போனால் ஆடுகளையும் விற்க வேண்டியதுதான். அங்கே உலோகம் தேடும் கருவியை வைத்துப் பார்த்ததில் மூன்று ரோமச் செப்புக்காசுகள் கிடைத்தன, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் அருங்காட்சியகப் பதிவில் சீக்கிரம் ஏற்று. பதிவு இருந்தால் தோண்டிப் பார்க்காமல் கட்ட விடமாட்டார்களாமே. உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
நெவில்


லிங்கன்
9 மார்ச்

அன்புள்ள அண்ணா,

காசுகள் வந்தன. எடை போட்டு, அளந்து, படமும் எடுத்தேன். மூன்றிலும் இரண்டு சிப்பாய்கள், நடுவே கொடிக்கம்பம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசுகள். ஒன்று ஜெர்மனியின் ட்ரியரில் அடித்தது. நம் பக்கத்து உழவில் மேலே வருவது பெரும்பாலும் அதுதான்.

மற்ற இரண்டிலும் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா முத்திரை. இங்கே ஒன்று கிடைப்பதே அபூர்வம். எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் மணல் வேறு. கீழ்வயல் கருங்களிமண் என்பது எனக்குத் தெரியாதா? கழுவாத காசுகளை இப்படித்தான் பொட்டலமாக இணையத்தில் விற்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல், அண்ணா.

உன் ரோவினா


லௌத்
12 மார்ச்

ரோவினா,

உன் கடிதத்தைப் படித்ததும் முரியல், "அப்பவே சொன்னேன்ல, உங்க தங்கச்சி சட்டம் பேசுவான்னு? கேட்டாத்தானே" என்றாள்.

இரண்டும் வாங்கியவைதான். ஒற்றைக் காசை எவன் மதிப்பான் என்று துணைக்குச் சேர்த்தேன். ஆனால் ட்ரியர் காசு சத்தியமாக நம் வயலில், வாய்க்கால் ஓரத்தில் எடுத்தது. ஒரே களி. நீ எழுத்தைப் படிக்கச் சிரமப்படக் கூடாதென்று வினிகரில் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அதை மட்டும் பதிவு செய். வேறெதையும் நான் உன்னிடம் கேட்டதில்லை.

நெவில்


லிங்கன்
16 மார்ச்

அன்புள்ள அண்ணா,

நான் நம்புகிறேன். தங்கையாக, முழுசாக நம்புகிறேன். ஆனால் அந்தக் களிதான் உனக்குச் சாட்சி. அதைத்தான் தேய்த்துவிட்டாய். வாங்கிய காசுகளோடு ஒரே உறையில் வந்ததை, அதுவும் என் அண்ணன் அனுப்பியதை, எந்தத் துணிச்சலில் கீழ்வயல் என்று எழுதுவேன்? 'கிடைத்த இடம்: தெரியவில்லை' என்று எழுதினேன். நாம் ஓடி விளையாடிய வயலைத் தெரியாது என்று எழுதக் கை கூசியது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாய்க்கால் ஓரத்தில் சேர்ந்து தேடுவோம். நான் பக்கத்தில் நிற்க, புதிதாக ஒன்று கிடைத்தால் போதும். மாட்டேன் என்று சொல்லாதே.

உன் ரோவினா


லௌத்
18 மார்ச்

ரோவினாவுக்கு,

நிலக்காரர் வயலுக்கு வேலி போட்டுப் பூட்டிவிட்டார். நான் காசு வாங்கிய கதை எப்படியோ அவர் காதுக்கும் போய்விட்டது. "இனி இந்தப் பக்கம் காலை வெச்சே, போலீஸக் கூப்பிடுவேன்" என்றார். நாளை ஆடுகளைச் சந்தைக்கு ஏற்றுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன். வயல்தான் போயிற்று. தங்கையாவது இருக்கட்டும்.

அண்ணன்