ஒரு மதிப்பெண் குறைந்தது

சனி, இரவு.

ஜமுனாமரத்தூர் சந்தையில் அம்மாவோடு புளி விற்றுக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரி அல்காரிதம் பேராசிரியர் போன் செய்தார். ஒரு கேள்விக்கு மறுமதிப்பீடு கேட்டால் விடைத்தாள் முழுவதையும் மறுபடி திருத்துவார், மதிப்பெண் இறங்கவும் செய்யலாம் என்பது அவர் விதி. வகுப்பே பயந்து ஒதுங்கிக்கொண்டது. நான் மட்டும் என் நிரூபணத்துக்குக் கேட்டிருந்தேன்.

"உன் நிரூபணம் சரிதாம்மா. நான்தான் தப்பா திருத்திட்டேன். அஞ்சு மார்க் போட்டுட்டேன்" என்றார். ஆனால் வேறொரு விடையில் என் பிழையைக் கண்டுபிடித்து ஆறு குறைத்துவிட்டாராம்.

நான் அங்கேயே குதித்தேன்.

"இன்னாடி, மார்க் ஏறிச்சா?" என்றாள் அம்மா.

"ஒண்ணு கொறஞ்சிச்சிமா!"

"கொறஞ்சதுக்கா இந்த ஆட்டம்?"

அந்த ஆறு எனக்குரியதே அல்ல. இந்த ஐந்து என்னுடையது. திங்கட்கிழமை என் நிரூபணத்தைத்தான் வகுப்பில் நடத்துவாராம். பயந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.