பரங்கிமலைப் படிகள் மேல் பழி இல்லை, அக்கா

என் அன்பு லூர்து அக்கா,

நீ இருக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டில் இல்லாமலே நடமாடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் பச்சை பாட்டில் சேலையூர் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் அப்படியே இருக்கிறது. மச்சான் யாரையும் தொட விடுவதில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று போன மாதம்தான் எனக்கே தெரியவந்தது.

முதலில் நல்ல செய்தி. என் மகள் பெனிட்டா உண்டாகியிருக்கிறாள். இது இருபத்திரண்டாவது வாரம். வீடும் ஆபீஸும் கேளம்பாக்கத்தில்தான். கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்துகிறது என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். "நாள் பூரா கம்ப்யூட்டர பார்த்துக்கிட்டு இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கும் இப்படித்தானே ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்?

தாம்பரத்தில் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்தைந்து வருடமாக ஊசி பிடிக்கிறவன் நான். எட்டு வருடம் முன்னால் நீ வந்து நின்றாய். "வாய் காஞ்சு காஞ்சு போகுதுடா அருள். பிஸ்கட் கூட இறங்க மாட்டேங்குது" என்றாய். நம் பக்கத்தில் வாய் காய்ந்தால் சர்க்கரைதானே! சர்க்கரைக்கு எடுத்தேன். இல்லை. "உனக்கு ஒண்ணும் இல்லக்கா, தண்ணி நெறைய குடி" என்று பெரிய டாக்டர் மாதிரி அனுப்பி வைத்தேன். மூன்று முறை வந்தாய். மூன்று முறையும் சர்க்கரையைத்தான் பார்த்தேன். நல்லாயிருக்கிறாய் என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்தச் சமயத்தில்தான் நீ கோவிலில் நன்மை வாங்குவதை, சாமியார் கையால் அந்த அப்பத்தை வாங்கி உட்கொள்வதை, நிறுத்தினாய். ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். நீ மட்டும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பாய். கோவிலில் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஏதோ பெரிய பாவம், சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மனசில்லை என்றார்கள். நானோ வேறு கணக்குப் போட்டேன். இறந்து பிறந்த உன் குழந்தைக்காக ஆண்டவர் மேல் உனக்கு இன்னும் கோபம் என்று நினைத்தேன். ஒரு நாள் கோவில் வாசலிலேயே கேட்டும் விட்டேன். "இவ்வளவு வருஷம் ஆச்சு, இன்னும் என்னக்கா வீம்பு?" நீ பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாய்.

நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் சொன்னாய். சின்ன வயதில் மடத்து சிஸ்டர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது: அப்பம் ஆண்டவரின் உடல், அதைப் பல்லில் படவிடக் கூடாது, நாக்கில் தானாகக் கரையவிட வேண்டும். உன் வாயில் கரைய எச்சில் இல்லை. அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பூசை முடிந்தும் இறங்காமல் இருந்திருக்கிறது. விரலால் எடுக்கப் பயம், இருமினால் வெளியே விழுந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். "ஆண்டவர கைக்குட்டையில துப்பிட்டா என்னடா பண்றது? அதான் போகல" என்றாய். அக்கா, இதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லும்படி நான் என்றைக்காவது நடந்துகொண்டேனா?

அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் எழுதிக்கொடுத்தார், நீ முதல் முறை வந்து நின்றபோதே நான் எடுத்திருக்க வேண்டிய சோதனையை. கிருமி வந்தால் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பு எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. சிலருக்கு அவை தன் உடம்பையே அந்நியமாக நினைத்துப் பிடிக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 'ரோ' என்று பேர். முதலில் கண்டுபிடித்த நோயாளியின் பெயரில் இரண்டு எழுத்தாம். உன் ரத்தத்தில் அது நிறைய இருந்தது. கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும், கடைசியில் நுரையீரலையும், உன் உடம்பின் காவல் அணுக்களே போய் மொய்த்துக் கெடுத்திருக்கின்றன. அதில் இந்த எதிர்ப்பொருளின் பங்கு எவ்வளவு என்பது பெரிய டாக்டர்களுக்கே முழுதாகத் தெரியாதாம். ஆனால் ரத்தத்தில் அது நின்று காட்டிக்கொடுக்கும். நான் பார்த்திருந்தால் காட்டியிருக்கும்.

நீ சிரித்தாய். "அப்போ சுகர் இல்லன்னு நீ சொன்னது கரெக்ட்தான்டா" என்று என்னையே தேற்றினாய். மறுநாள் சாமியார் வந்து, அப்பத்தில் ஒரு சின்னத் துணுக்கை ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தார். நீ விழுங்கினாய். அவ்வளவு சுலபம். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

பெனிட்டா உண்டானதும் டாக்டரிடம் அவளே உன் கதையைச் சொன்னாள். "எங்க அத்தைக்கு இப்படி இருந்துச்சு டாக்டர், எனக்கும் கண்ணு உறுத்துது." சோதனை எழுதிக்கொடுத்தார்கள். ரத்தத்தை நானே எடுத்தேன். ரோ இருந்தது, அக்கா.

குழந்தையின் இதயத்தை ஸ்கேன் பார்க்கும் டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தாயின் ரத்தத்தில் இருக்கும் இந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். மிகச் சில குழந்தைகளுக்கு, இதயத்தைத் தாளம் தப்பாமல் துடிக்கவைக்கும் நரம்பு போன்ற பகுதியை அது கெடுத்துவிடும். அப்போது துடிப்பு பாதியாகக் குறையும். மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று ஓரளவு காப்பாற்றுமாம். வாராவாரம் பார்க்க வேண்டும். கடைசியில் கேட்டார். "உங்க ஃபேமிலில குழந்தை ஏதாவது வயித்துலயே தவறியிருக்கா?"

முப்பது வருடம் முன்னால் அந்த நர்ஸிங் ஹோமில் டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது. "ஹார்ட் ரொம்ப மெதுவா துடிக்குதும்மா." உனக்கு எட்டாம் மாதம். மூன்றாம் நாள் துடிப்பு நின்றது. அதற்கு முந்தின வாரம்தான் பரங்கிமலை உச்சிக் கோவில் திருவிழாவுக்குப் போய் மலைப் படி ஏறி வந்திருந்தாய். கட்டிலில் நீ கிடக்க, சுற்றி உன் மாமியார், நாத்தனார், நம் அம்மா எல்லோரும் நிற்க, அத்தனை பேர் காதிலும் விழும்படி நான்தான் முதலில் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேன், படி ஏறாத ஏறாதன்னு. கேட்டியா?" எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு உனக்குக் குழந்தையும் இல்லை. அந்தப் படியில் நீ கால் வைக்கவும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கி எட்டாம் மாதத்தில்தான் தெரிந்திருக்கும் என்றார் ஸ்கேன் அம்மா. படி ஏறினதால் இதயம் மெதுவாகத் துடிக்காது சார் என்றும் சொன்னார்.

நேராக சேலையூருக்குப் போனேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலரைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் பெட்டியை நிறுத்தினார். "நானும் படி ஏறினதாலதான்னு நம்பிட்டேன்டா. வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார். பிறகு பாட்டிலைப் பார்த்தபடி, "என்கிட்ட எதுக்குடா சொல்ற? அவகிட்ட சொல்லு" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அக்கா. படி மேலும் இல்லை. தப்பு என் வாயில் இருந்தது. முப்பது வருடம் நீ அதைச் சுமந்தாய். மன்னித்துவிடு என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லையே.

நேற்றும் ஸ்கேன். அறை முழுக்கக் கேட்கும்படி அந்தத் துடிப்பை வைத்துக் காட்டினார்கள். வேகமாக, ஒழுங்காக ஓடுகிறது. இன்னும் நான்கு வாரம் போனால் பயம் பெரும்பாலும் தீர்ந்தது என்கிறார்கள். அந்த நான்கு வாரம் எனக்கு எப்படிப் போகும் என்று தெரியவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் பரங்கிமலைப் படிகளில் நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன். மச்சானையும் கூட்டிக்கொண்டு போவேன். மேலே போய், அன்று சொன்ன அதே சத்தத்தில், கூட வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, லூர்து மேல் தப்பில்லை என்று சொல்வேன். ஒருவேளை நடுவில் அந்தத் துடிப்பு தடுமாறினாலும், பெனிட்டாவைப் பார்த்து யாரும், எதையும், ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன். முதலில் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன்னைப் படி ஏறாதே என்று சொன்ன,
உன் தம்பி
அருள்